சாய்ந்த சுவரும் நம்முடைய சாக்குப்போக்குகளும்

மரக்காணத்திலிருந்து புதுவை நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோருக்கு அனுமந்தை என்றால் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். அதற்கு இப்பாலும் அப்பாலும் உள்ள ஊர்களில் வாழும் எங்களுக்கு நினைவில் நிற்பது உப்பு. உப்பளங்களில் விளைவது மூட்டைகளாகி வெளியூர் போய்விடுகிறது. காற்றில் வருவது எங்கள் சுவர்களிலேயே தங்கிவிடுகிறது. புதிதாகப் பூசிய சுவர் இரண்டு மழைக்காலத்தில் உப்புப் பூத்து உதிர்வதும், சன்ஷேடின் அடியில் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதும் இப்பகுதியில் எவருக்கும் வியப்பளிப்பதில்லை. வியப்பளிக்காமல் போனதுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நிவர் புயலும் எங்கள் தலைமேலேயே மரக்காணத்துக்கும் புதுவைக்கும் இடையில்தான் ஏறிச் சென்றது. ஃபெஞ்சல் மழை வடிந்த பின் எங்கள் கரையோர ஊர்களுள் ஒன்றில், ஊர்ப்பெயர் வேண்டாம், வக்ஃப் நிலத்தைச் சுற்றியிருந்த மதில் தெருப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. எட்டடி உயரம், இடையில் ஒரு தூண்கூடக் கிடையாது, அடியில் மண் கரைந்து அஸ்திவாரக் கல் வெளியே தெரிந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் பிள்ளைகள் அஸ்ருக்குப் பின் மதரஸாவுக்குப் போகிறார்கள். ஊராட்சியிலிருந்து ஒரு தாளும் வந்தது: சுவரை இறக்கிவிடுங்கள் என்று. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் அந்தத் தாளைப் பற்றிப் பேச்சு வந்தபோது பொறுப்பில் உள்ள பெரியவர் ஒருவர் சொன்னார்: "முப்பது வருஷமா நிக்குது. அல்லாஹ் பார்த்துக்குவான். இவனுங்களுக்கு நம்ம சுவர்தான் கண்ணுக்குத் தெரியும்."

இந்த மூன்று வாக்கியங்களையும் எதிர்த்துத்தான் எழுதுகிறேன். அவை ஒருவருடைய வாக்கியங்கள் அல்ல. நாகப்பட்டினத்திலிருந்து பழவேற்காடு வரை நம் ஜமாஅத்துகளில் இவற்றைக் கேட்காதவர் இருக்க முடியாது. முதலாவது அறியாமை. இரண்டாவது தவக்குல் என்னும் பெயரில் நடக்கும் அலட்சியம். மூன்றாவதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது; அதனால் அதற்குத்தான் அதிக இடம் தர வேண்டும்.

முதலில் மார்க்கம். கட்டட விதி என்பது அரசாங்கத்தின் தொல்லை, ஷரீஅத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அவர்கள் ஃபிக்ஹு நூல்களைத் திறந்து பார்த்ததில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. நம் மதரஸாக்களில் இன்றும் பாடமாக ஓதிக்கொடுக்கப்படும் ஹனஃபீ நூலான ஹிதாயாவில், இழப்பீட்டுச் சட்டங்களைக் கூறும் பகுதியில், 'சாய்ந்த சுவர்' என்று தனியே ஒரு பாடமே இருக்கிறது. இமாம் மர்ஃகீனானீ மறைந்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அவர் கூறுவது இதுதான்: ஒருவருடைய சுவர் பொதுவழியின் பக்கம் சாய்ந்துவிட்டது, அதை இடித்துவிடும்படி அவரிடம் கேட்டுச் சாட்சியும் வைத்துவிட்டார்கள், இடிக்கக்கூடிய அளவு அவகாசம் கிடைத்தும் அவர் இடிக்கவில்லை, பிறகு அது விழுந்து உயிரோ பொருளோ அழிந்தால் பொறுப்பு சுவருக்குடையவரின் தரப்பைச் சேரும். தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தால் எவரும் வந்து சொல்ல வேண்டியதுகூட இல்லை.

இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டிய மூன்று நுணுக்கங்கள் அப்பாடத்தில் உள்ளன.

அந்தக் கோரிக்கையை விடுப்பவர் முஸ்லிமா, முஸ்லிம் அல்லாதவரா என்ற வேறுபாடு இல்லை. பொதுவழியில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் சமம் என்பதால் எவர் கேட்டாலும் அது செல்லும். "ஊராட்சிக்காரன் யார் நமக்குச் சொல்ல?" என்று கேட்பவருக்கு ஃபிக்ஹே பதில் சொல்லிவிட்டது: அவ்வழியே நடப்பவர் எவரும் சொல்லலாம்.

அடுத்தது அவகாசம். சுவர் அண்டை வீட்டாரின் பக்கம் சாய்ந்திருந்தால் அவர் விரும்பினால் தவணை கொடுக்கலாம், உரிமை அவருடையது. பொதுவழிப் பக்கம் சாய்ந்திருந்தால் காஜியே தவணை கொடுத்தாலும் அது செல்லாது. ஏனெனில் உரிமை ஊராருடையது, அதைத் தனியொருவர் விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு தாள் வந்தவுடன் ஒன்றியக் கவுன்சிலரைப் பிடித்து, தெரிந்த அதிகாரிக்குத் தொலைபேசி செய்து, 'ஆறு மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று வாங்கிவரும் வழக்கம் நமக்கு இருக்கிறதே, அந்த ஆறு மாதத்தை ஹனஃபீ காஜியால்கூட நமக்குத் தர முடியாது.

மூன்றாவது, கோரிக்கையை இடிக்கும் அதிகாரம் உள்ளவரிடம்தான் வைக்க வேண்டும். குடியிருக்கும் வாடகைதாரரிடம் சொன்னது கணக்கில் வராது. வக்ஃப் கடைகளின் கூரை உதிர்ந்தால் "கடைக்காரரே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லும் நிர்வாகங்கள் இந்த வரியைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கடற்கரை முஸ்லிம்களில் ஷாஃபிஈக்கள் மிகுதி. அவர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும், மறைக்கக் கூடாது. இமாம் நவவீயின் மின்ஹாஜில் உள்ள சட்டம் சற்று வேறு. சாய்வாகவே கட்டிய சுவருக்கு இழப்பீடு உண்டு. நேராகக் கட்டிப் பிறகு சாய்ந்து விழுந்தால் இழப்பீடு இல்லை என்பதே அதில் முதன்மையாகக் கூறப்படுகிறது. இடிக்கவோ செப்பனிடவோ முடிந்தும் விட்டிருந்தால் பொறுப்புண்டு என்ற கருத்து இரண்டாவதாகக் குறிப்பிடப்படுகிறது. ஆக, ஷாஃபிஈ ஒருவர் "எங்கள் மத்ஹபில் இழப்பீடு இல்லை" என்று வாதாடலாம். வாதாடட்டும். இழப்பீடு இல்லை என்பதற்கும் பாவம் இல்லை என்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அவருடைய ஹஜ்ரத்திடமே கேட்டுக்கொள்ளட்டும். இறந்த பிள்ளையின் தாயிடம் போய் மின்ஹாஜின் முதல் கருத்தை வாசித்துக் காட்ட அவருக்குத் துணிவிருந்தால் அதையும் செய்யட்டும்.

உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பிலும் இதே சாய்ந்த சுவர் வருகிறது. பொதுத் தீங்கைத் தடுக்கத் தனியொருவரின் தீங்கைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி அதன் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் முஹ்தஸிபின் கடமைகளை அடுக்கும்போது, விழும் நிலையில் உள்ள கட்டடங்களை இடித்துவிடும்படி உரியவர்களுக்கு ஆணையிடுவதையும், படகோட்டிகளும் சுமைகூலிகளும் அளவுக்கு மிஞ்சி ஏற்றுவதைத் தடுப்பதையும், பிள்ளைகளை அளவுமீறி அடிக்கும் ஆசிரியர்களைத் தடுப்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறார். நகராட்சிப் பொறியாளர் செய்யும் வேலையை ஆங்கிலேயன் கொண்டுவந்தான் என்று நினைத்திருப்பவர்கள் இதை அறிய வேண்டும். நம் நகரங்களில் அது ஓர் அறப்பணியாகவே நடந்தது; பள்ளிவாசலில் இமாமத் செய்வதைப் போல அதற்கும் ஒருவரை நியமித்தார்கள்.

இன்னும் பின்னே போனால் நபிமொழிகள். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடியில் இரவு உறங்குபவரைக் காக்கும் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. மாடியில் கைப்பிடிச் சுவர் வேண்டும் என்பது நம் கட்டட விதிகளில் ஒன்று. அதை முதலில் யாரிடம் கேட்டோம் என்பது மறந்துபோயிற்று. பாதையின் அகலத்தில் பிணக்கு வந்தால் ஏழு முழம் விடும்படி தீர்ப்பளித்த செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு வீட்டாரோடு எரிந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும் முன் அணைத்துவிடுங்கள் என்று அவர்கள் அறிவுறுத்தியதும் அவ்விரு நூல்களிலும் உண்டு. அந்த வீட்டாரின் தக்தீர் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போகவில்லை. தக்தீரைப் பற்றி அவர்களைவிட அறிந்தவர் யார்?

தவக்குலைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பின் நம்பிக்கை வைக்கும்படி சொன்ன திர்மிதீ செய்தியும், கொள்ளைநோய் பரவிய சிரியாவுக்குள் நுழையாமல் சர்கிலிருந்து உமர் (ரலி) அவர்கள் திரும்பிய வரலாறும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் சுவர் விஷயத்தில் மட்டும் ஏன் மறந்துபோகிறோம் என்பதுதான் கேள்வி. செலவு என்று வந்தால் தவக்குல் பெருகிவிடுகிறது. அதுதான் நான் கண்டது.

இப்போது ஏர்வாடிக்கு வருகிறேன். வர மனமில்லாமல்தான் வருகிறேன்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அத்தகைய இல்லம் நடத்த உரிமம் வேண்டும் என்று கூறும் மனநலச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு 1993இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. எட்டு ஆண்டுகளாக எவரும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு, இது தர்கா விவகாரம், நம்பிக்கை விவகாரம், தலையிட வேண்டாம் என்ற பதில் தயாராக இருந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்திற்குள் அங்கிருந்த அத்தகைய இல்லங்கள் எல்லாம் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தார்கள். 2007இல் காப்பக உரிமையாளர் தரப்பினருக்கு ஏழு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த ஓலைக் கொட்டகை ஒரு கட்டடப் பிரச்சினை. வெளியேறும் வழி ஒரு கட்டடப் பிரச்சினை. சங்கிலி மனிதத்தன்மையின் பிரச்சினை. அதை இங்கே விடுகிறேன். அன்று அங்கே ஒரு முஹ்தஸிப் இருந்திருந்தால் கூரையைப் பிரிக்கச் சொல்லியிருப்பார். நம் சமுதாயம் அவரை எப்படி நடத்தியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்: "மார்க்கத்தில் தலையிடுகிறான்" என்றிருப்போம்.

ஏர்வாடியை நம் சமுதாயம் பேசாமல் விட்டது. மூன்றே ஆண்டுகளில், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்து ஓலைக்கூரை தீப்பற்றி 94 பிள்ளைகள் கருகினார்கள். அதற்கு ஆறு மாதம் முன் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் பந்தல் எரிந்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரே குற்றத்தை மூன்று ஊர்கள் செய்தன: எரியும் கூரை, குறுகிய வழி, உள்ளே கூட்டம். இப்போது நம் பள்ளிவாசல்களைச் சுற்றிப் பாருங்கள். ரமளானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடம் எங்கே இருக்கிறது? அடுப்புக்கு மேலே என்ன கூரை? கேஸ் சிலிண்டர் எந்த மூலையில்? பெண்கள் தராவீஹ் தொழும் மாடிக்கு எத்தனை படிக்கட்டு? ஒன்று என்றால், அதன் கீழே செருப்பும் பழைய பாய்களும் ஜனாஸா சந்தூக்கும் அடைந்து கிடக்கவில்லையா? நம் பெண்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறோம் என்று நினைத்து மாடிக் கதவுக்கு வெளியே தாழ் போடும் இடங்களும் உண்டு. ஒரு சுவிட்ச் பெட்டி புகைந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தாழைப் போட்டவர் ஒருநாளும் எண்ணியிருக்க மாட்டார்.

1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் ஹாஜிகளின் கூடாரங்கள் எரிந்து 343 பேர் இறந்தபோது, அது ஷஹாதத் என்று சொல்லிவிட்டு அதே துணிக்கூடாரத்தை மறு ஆண்டும் அடிக்கவில்லை. எளிதில் தீப்பிடிக்காத கண்ணாடியிழைக் கூடாரங்களுக்கு மாறினார்கள். கூடாரத்திற்குள் சமைப்பதைத் தடுத்தார்கள். ஹஜ்ஜின் எல்லைக்குள்ளேயே பாதுகாப்பு விதி செல்லும் என்றால் நம் மஹல்லாவில் ஏன் செல்லாது?

இனி அந்தப் பாதி உண்மை. "இவனுங்களுக்கு நம்ம சுவர்தான் கண்ணுக்குத் தெரியும்."

இதை நான் பழிக்க மாட்டேன். 2022இல் மத்தியப் பிரதேசத்தின் கார்கோனிலும், டெல்லி ஜஹாங்கிர்புரியிலும், பிரயாக்ராஜிலும் கட்டட விதி என்னும் பெயரில் என்ன நடந்தது என்பதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். கலவரம் நடந்த மறு நாட்களில் ஜேசிபி வந்தது. விதிமீறல் அவ்வளவு நாள் கண்ணில் படாமல் இருந்து, ஒரு சமுதாயத்தின் மீது சினம் வந்த பிறகு திடீரென்று பட்டது. விதி ஆயுதமாகிறது என்று ஒரு முஸ்லிம் அஞ்சினால் அது வெறும் கற்பனை அன்று. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றமே அதை ஏற்றுக்கொண்டு வழிமுறை வகுத்தது: குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, பதிவு அஞ்சலில் அனுப்பவும் வேண்டும், கட்டடத்தில் ஒட்டவும் வேண்டும், நேரில் கேட்க வாய்ப்பு தர வேண்டும், குற்றஞ்சாட்டப்பட்டவர் என்பதற்காக வீட்டை இடிக்க முடியாது. ஆனால் சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடத்து ஆக்கிரமிப்புக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்த வரியையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இந்த அச்சத்திலிருந்து நம்மவர்கள் எடுக்கும் முடிவுதான் எனக்கு விளங்கவில்லை. விதி நம்மீது ஆயுதமாகப் பாயும் என்றால், விதிமீறலை நம் கையால் செய்து ஏன் வைத்திருக்க வேண்டும்? பகைவன் தேடும் கத்தியை நாமே சாணைபிடித்து வாசலில் மாட்டிவைப்பதா? வரைபட அனுமதி, சொத்துவரி ரசீது, மின் இணைப்பு ஆவணம், வக்ஃப் வாரியப் பதிவு ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்திருக்கும் ஜமாஅத், நீதிமன்றத்தில் பேசும் குரலே வேறாக இருக்கும். கோப்பு இல்லாத ஜமாஅத் ஊர்வலம்தான் போக முடியும்.

"பள்ளிவாசலுக்கு அனுமதி கேட்டால் தரமாட்டார்களே" என்பார்கள். வழிபாட்டிடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை என்பதும், அது எளிதில் நகர்வதில்லை என்பதும் உண்மை. அதற்குப் போராட வேண்டும். மனுவும் வழக்கும் வேண்டும். ஆனால் சாய்ந்த மதிலை இறக்க ஆட்சியரின் அனுமதி எதற்கு? கஞ்சிக் கொட்டகையின் ஓலையைப் பிரித்துத் தகரம் போட எவர் தடுத்தார்? பெரிய அநீதியைக் காட்டிச் சிறிய கடமையைத் தள்ளிவிடும் பழக்கம் நமக்கு மிகவும் வசதியாக இருக்கிறது.

வீடுகளுக்கு அந்தச் சாக்கும் இப்போது இல்லை. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்கு உட்பட்ட வீடு கட்டுவோர் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். இடைத்தரகருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். ஆனால் சுயசான்று என்பதில் ஒரு மார்க்கச் சிக்கல் இருக்கிறது, அதை ஒருவரும் பேசுவதில்லை: கட்டுபவர் தாமே உறுதிமொழி கொடுக்கிறார். பக்கவாட்டில் இடம் விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அனுமதி வந்தபின் அந்த இடத்தையும் சேர்த்துத் தளம் ஒட்டினால் அது விதிமீறல் மட்டுமன்று, பொய்ச் சாட்சியம். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே பணிப்பதை இதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாமா?

அனுமதி பெற்றுவிட்டால் கட்டடம் பத்திரம் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் சரிந்த 11 மாடிக் கட்டடம் அனுமதி பெற்றதுதான். 61 பேர் இறந்தார்கள். தாள் ஒரு சடங்காகிவிட்டால் அதனால் பயனில்லை. தாளில் உள்ளதைக் கட்ட வேண்டும். இங்கே நம் கடற்கரையின் தனிக்கேடு வருகிறது. இந்தியத் தர நிர்ணயம் 456 கடலோரச் சூழலில் வெளிக்காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், கடல்நீர்த் திவலை படும் இடத்தில் 50 வேண்டும் என்கிறது. எங்கள் பக்கத்து மேஸ்திரிகள் ஒரு ஜல்லித் துண்டை அடியில் கொடுத்துக் கம்பியைத் தூக்கிவிட்டுத் தளம் ஒட்டுவார்கள்; இருபது மில்லிமீட்டர் வந்தால் அது அந்த வீட்டாரின் நற்பேறு. கம்பி போடும் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது. கடல்நீரில் அது 19,000 அளவில் இருக்கிறது. அதில் சிறு பங்கு கலந்த ஆழ்துளைத் தண்ணீரே போதும். அந்தத் தண்ணீரில்தான் கலவை, அதிலேயே நீராற்றல். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கும். துபாயிலும் குவைத்திலும் இருபது ஆண்டு வியர்வை சிந்தி அனுப்பிய பணம் பத்தாவது ஆண்டில் கட்டில்மேல் காரையாக விழுகிறது. பளிங்குத் தரைக்கும் வாசல் வளைவுக்கும் செலவிட்டதில் ஒரு பங்கை, தண்ணீரைச் சோதிக்கவும் கவர் பிளாக் வாங்கவும் வைத்திருக்கலாம். சோதனைக்கு ஆகும் செலவு ஒரு வேளை பிரியாணி தேக்சாவைவிடக் குறைவு.

பணம் இல்லை என்பது அடுத்த மறுப்பு. வீட்டுக்காரர் சொன்னால் ஏற்கிறேன். விதவையின் வீட்டுச் சுவரை இறக்க ஊரார்தான் சேர்ந்து செய்ய வேண்டும், பைத்துல்மால் எதற்கு இருக்கிறது? வக்ஃப் நிர்வாகம் சொன்னால் ஏற்க முடியாது. வக்ஃப் வருவாயில் முதலில் செலவிட வேண்டியது வக்ஃபைச் செப்பனிடுவதற்கே என்பது சட்டம். வக்ஃப் செய்தவர் அதை எழுதிவைக்காவிட்டாலும் அதுவே முதல் செலவு. மினாராவுக்கு வண்ண விளக்கு, மீலாதுக்கு மேடை, ஹவுளுக்குப் புதிய டைல்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு. மதில் சாய்ந்து நிற்கும்போது மினாராவுக்கு விளக்குப் போட்ட முத்தவல்லி நல்ல மனிதராக இருக்கலாம். அமானத்தை வரிசை மாற்றிச் செலவிட்டிருக்கிறார்.

"முப்பது வருஷமா நிக்குது" என்ற வாக்கியம் மட்டும் மீதியிருக்கிறது. 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் நான்கு வீடுகள் மேல் ஏறத்தாழ இருபதடி உயரச் சுற்றுச்சுவர் விழுந்து 17 பேர் உறக்கத்திலேயே இறந்தார்கள். அது தலித் மக்களின் குடியிருப்பு. சுவர் அவர்களுடையது அன்று. அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டதாக அம்மக்கள் கூறினார்கள். அதுவும் முந்தைய நாள்வரை நின்றுகொண்டுதான் இருந்தது. சாய்ந்த சுவர் நிற்பதற்குக் காரணம் காய்ந்த மண். ஐப்பசி மழை அந்தக் காரணத்தை எடுத்துவிடும்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் நாங்கள் ஒன்று செய்தோம். ஹிதாயாவின் பாடத்தில் உள்ளபடியே செய்யலாம் என்று அவ்வூர் இளைஞர் இருவரும் நானும் முடிவு செய்து, மதிலை இறக்கும்படி நிர்வாகத்திற்கு ஒரு கடிதம் எழுதினோம். ஊராட்சியின் தாளை அதோடு இணைத்தோம். சென்ற வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் முத்தவல்லியின் கையில் கொடுத்தோம். சாட்சிக் கையொப்பம் இட இருவர் வேண்டியிருந்தது. ஒருவர் மதரஸா உஸ்தாத். இன்னொருவர் அந்தச் சந்தின் கோடியில் டீக்கடை வைத்திருக்கும் முருகன் பக்தர். பிள்ளைகள் அவர் கடை முன்னால்தான் போகிறார்கள், தினமும் பார்க்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன் என்று அவரே கேட்டு வாங்கினார். முத்தவல்லி கடிதத்தை வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூட்டம் போட்டுச் சொல்கிறேன் என்றார். இறக்குவதற்குக் கொத்தனாரும் இரண்டு ஆட்களும் ஒரு நாள் வேலை என்று விசாரித்து அதையும் கடிதத்தில் எழுதியிருந்தோம். சந்தின் அந்தப் பக்கம் இப்போது ஒரு கயிறு கட்டியிருக்கிறோம்.